ஒரு சாண் பின்னால் போன நாற்காலி

ஒரு தங்கக் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு முப்பத்தாறு ஊர்த்தலைவர்களின் நாற்காலியை ஒரே பகலில் இல்லாமல் செய்தவன் என்று ஒருவரைப் பற்றி எங்கள் ஊரில் இன்றைக்கும் பேச்சு உண்டு. பேசுகிறவர்கள் பெரிய வீட்டுக்காரர்கள். நாம் சொன்னால் வதந்தி. அவர்கள் சொன்னால் குடும்ப வரலாறு. விருந்து முடிந்து, கை கழுவி, சாய்ந்து உட்கார்ந்து, மூன்றாவது ஏப்பம் வந்ததும் யாராவது ஒரு மாப்பிள்ளை ஆரம்பிப்பார்: "எங்க தாத்தா துரை முன்னாடி நாற்காலி போட்டு உட்கார்ந்தவரு. ஒரு சேவகப் பய கடிகாரத்துக்கு ஆசைப்பட்டு எல்லாத்தையும் கெடுத்துட்டான்."

கடிகாரத்தைக் கொடுத்தது யார் என்று கேட்டால் மேட்டு வீட்டார் ஆற்று வீட்டாரைக் கைகாட்டுவார்கள். ஆற்று வீட்டார் மேட்டு வீட்டாரை. இரண்டு வீடும் சேர்ந்து ஒப்புக்கொள்கிற ஒரே விஷயம், சேவகன் அயோக்கியன் என்பது. இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே இவ்வளவு ஒற்றுமையைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. விசாரிக்கப் போனேன்.

சேவகரின் மகள் இருக்கிறார். தபால் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தெட்டு. கதவைத் திறந்து, வந்த விஷயத்தைக் கேட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை என்னைப் பார்த்தார்.

"தங்கக் கடிகாரமா? எங்க வீட்ல மணி பார்க்கணும்னா அடுத்த தெரு தையல்காரர் கடை வாசல்ல போய் எட்டிப் பார்க்கணும். அதுவும் பத்து நிமிஷம் பிந்தி ஓடும். நான் ஸ்கூலுக்கு ஒருநாள்கூட நேரத்துக்குப் போனதில்லை. யாரு சொன்னது உங்களுக்கு, மேட்டு வீடா, ஆற்று வீடா?"

"ரெண்டு பேரும்தான்."

"அதுல மட்டும் ஒத்துமையா இருப்பாங்களே! உள்ள வாங்க. அந்த ஸ்டூல்ல உட்காராதீங்க, ஒரு கால் ஆடும்."

அவர் சொன்னதும், துரை ஆபீசாக இருந்து இப்போது வேறு ஏதோ ஆபீசாக இருக்கிற கட்டடத்தின் பதிவறையில் தூசு தட்டிப் படித்ததும் சேர்ந்ததுதான் இனி வருவது.

சேவகரை எல்லோரும் 'நாற்காலி' என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வயதில் துரை ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் தண்ணீர் சுமந்தார். பிறகு ஃபைல் சுமந்தார். அதற்கப்புறம் நாற்காலி. சுமந்தவர் சுமந்தபடியே இருந்தார். சுமைதான் பதவி உயர்வு பெற்றது.

துரைமார் நம்மை ஆண்டார்கள் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. இங்கே நேரில் வந்து ஆண்டது ஒரு துரை, அவருடைய குதிரை, ஒரு பெரிய கிளார்க், அவ்வளவுதான். மற்றதையெல்லாம் ஊர்த்தலைவர்கள் பார்த்துக்கொண்டார்கள். வரி வசூலிக்கத் தலைவர், ரோடு போட ஆள் பிடிக்கத் தலைவர், வேலிச் சண்டையைத் தீர்க்கத் தலைவர், தீர்ந்த சண்டையைக் கிளப்பிவிடவும் தலைவர். முப்பத்தாறு ஊருக்கு முப்பத்தாறு தலைவர் என்று கணக்கு. கிட்டே போய்ப் பார்த்தால் ஐந்தாறு குடும்பம்தான்: மாமன், மச்சான், சம்பந்தி, சம்பந்திக்குச் சம்பந்தி. இவர்களுக்குத் துரை கொடுத்த சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அவர் கொடுத்தது நாற்காலி.

வருஷத்துக்கு ஒருமுறை ஆபீசின் பெரிய அறையில் சபை கூடும். துரைக்கு முன்னால் உட்காரும் உரிமை தலைவர்களுக்கு மட்டும். முதல் வரிசையில் கை வைத்த பிரம்பு நாற்காலி ஆறு. அடுத்த வரிசையில் கை இல்லாத நாற்காலி பதினாலு. கடைசியில், சாயவும் வழியில்லாத பெஞ்சுகளில் பதினாறு பேர். பெஞ்சிலிருந்து கை வைத்த நாற்காலிக்கு வந்து சேர ஒரு குடும்பத்துக்கு மூன்று தலைமுறை பிடிக்கும். பெண் கேட்டு வருகிறவர்கள், "கை வச்ச வீடா, கை இல்லாத வீடா?" என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். பெஞ்சு வீட்டுக்குப் பெண் கொடுத்துவிட்டு ஒரு தாய் மூன்று நாள் அழுததாகச் சொல்கிறார்கள். மாப்பிள்ளை தங்கமானவராம். அதுவும் ஆறுதலாக இல்லையாம்.

முதல் வரிசையின் நடுவில் இருந்த இரண்டு நாற்காலிதான் உயிர்நாடி. வலது பக்கம் மேட்டு வீட்டுத் தலைவர். இடது பக்கம் ஆற்று வீட்டுத் தலைவர். துரையின் மேஜையிலிருந்து இரண்டும் சரியாக ஒரே தூரத்தில் இருக்கவேண்டும். அதற்கென்றே சேவகர் நாற்காலி ஒரு மூங்கில் கழியை அளவாக வெட்டி வைத்திருந்தார். ஒரு முனை மேஜைக் காலில், மறுமுனை நாற்காலியின் முன்காலில். தரையில் சாக்குக்கட்டியால் கோடு. அந்தக் கோட்டை அவர் போட்டுவிட்டு நிமிர்வதற்குள் மேட்டு வீட்டுக் காரியஸ்தர் வந்துவிடுவார்.

"ஏம்ப்பா, எங்க ஐயா நாற்காலி ஒரு விரற்கடை பின்னால இருக்கே."

"இல்லீங்க. கழியை வச்சுப் பாருங்க."

"உன் கழி சரியில்லை."

"ரெண்டு நாற்காலிக்கும் ஒரே கழிதாங்க."

"அப்போ அவங்க நாற்காலி ஒரு விரற்கடை முன்னால இருக்கு."

பேசிக்கொண்டே முழங்காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போவார். அவர் போனதும் ஆற்று வீட்டுத் தலைவரின் மச்சான் வருவார். அவர் முழங்காலும் சும்மா இருக்காது. இவர் இரண்டையும் மறுபடி கோட்டுக்கு இழுப்பார். மறுபடி ஆள் வரும். ஒரு வருஷம் இவர் காய்ச்சலில் படுத்துவிட, இரண்டு நாற்காலியும் விரல் விரலாக முன்னேறி, சாயங்காலத்துக்குள் துரையின் மேஜையில் முட்டிக்கொண்டு நின்றனவாம்.

"சபைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே அப்பாவுக்குச் சோறு இறங்காது" என்றார் மகள். "அம்மாகிட்ட புலம்புவாரு. 'எல்லாப் பயலும் உட்கார்றது ஒரே பக்கத்தாலதானே, எதுக்கு இவனுங்க என் உசிரை வாங்குறானுங்க'ன்னு. அம்மா, 'மெதுவாப் பேசுங்க, பொண்ணு இருக்கா'ம்பாங்க. எனக்கு அதுலதான் சிரிப்பு வரும்."

உட்காருவதற்கும் ஒரு முறை இருந்தது. நடு இரண்டு பேரும் ஒரே மூச்சில், ஒருவரை ஒருவர் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே உட்காரவேண்டும். அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் முதல் வரிசை. அப்புறம் இரண்டாம் வரிசை. கடைசியாகப் பெஞ்சு. இதை எந்தத் துரையும் எழுதி வைக்கவில்லை. இவர்களே ஏற்படுத்தி, இவர்களே கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த சட்டம். துரைக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இந்த விஷயம் முக்கியம்.

நான் சொல்ல வந்த வருஷத்தில் நாற்காலிக்கு முப்பது வருஷச் சேவை முடிய ஐந்து மாதம் பாக்கி. முப்பது முடிந்தால் ஓய்வூதியம் உண்டு. ஆனால் முடிகிற நாளில் அவர் பேரில் ஒரு புகாரும் நிலுவையில் இருக்கக்கூடாது. ஆபீசுக்குப் பின்னால் கொடுத்திருந்த ஒற்றை அறையையும் அன்றே காலி செய்யவேண்டும். அவர் மனைவி தகரக் கடைக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு குழாயும் உள்ள வீடு ஒன்றைப் பேசி வைத்திருந்தார். ஓய்வூதியம் வந்தால் அந்த வீடு. வராவிட்டால் மனைவியின் தம்பி வீட்டுப் பின்கட்டு. மனைவிக்கும் தம்பி பெண்டாட்டிக்கும் ஏழாம் பொருத்தம். அந்தம்மா ஒவ்வொரு மாதத்தையும் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

சபை நாளன்று காலையிலிருந்தே மழை. ஓட்டுக் கூரை. பத்து மணிக்கு நாற்காலி கடைசியாக ஒருமுறை துடைக்கப் போனபோது மேட்டு வீட்டு நாற்காலியின் நட்டநடுவில் 'டொப்' என்று ஒரு சொட்டு விழுந்தது. துடைத்தார். இன்னொரு சொட்டு. வாளியையும் துணியையும் கையில் எடுத்துக்கொண்டு பெரிய கிளார்க்கிடம் ஓடினார்.

"ஐயா, மேட்டு வீட்டு நாற்காலி மேல ஒழுகுது."

"நகர்த்திப் போடு."

"நகர்த்தினா வம்பு வருங்க."

"நனைஞ்சாலும் வம்புதான். ரெண்டு வம்புல எது உனக்கு வேணுமோ எடுத்துக்க. என்னை விடு, நான் துரை பேச்சை இன்னும் தமிழாக்கவே ஆரம்பிக்கலை."

நாற்காலி முட்டாள் இல்லை. இரண்டையும் ஒரே அளவு பின்னால் தள்ளிவிட்டால் வம்பில்லை என்று அவருக்குத் தெரியும். மேட்டு வீட்டு நாற்காலியை ஒரு சாண் பின்னால் போட்டார். ஆற்று வீட்டு நாற்காலிப் பக்கம் திரும்பினார். அங்கே மச்சான் இரண்டு கையாலும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு காவல் நின்றார்.

"கொஞ்சம் விடுங்க. ஒரு சாண் பின்னால போடணும்."

"எவன் சொன்னான்?"

"மழைங்க."

"மழை அவனுக்குத்தானே பெய்யுது? எங்களுக்கு ஏன் பின்னால போகணும்? தொட்டுப் பாரு, கையை ஒடிக்கிறேன்."

இந்தப் பேச்சு முடிவதற்குள் மேட்டு வீட்டுத் தலைவர் உள்ளே வந்துவிட்டார். தன் நாற்காலியைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். நடுவில் இருந்த ஒரு சாணைப் பார்த்தார். நாற்காலிக்கு முன்னால் போய் விறைப்பாக நின்றுகொண்டார்.

ஆற்று வீட்டுத் தலைவர் வந்தார். தன் நாற்காலி முன்னால் இருப்பதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உட்காரப் போனவர், மற்றவர் நிற்பதைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார். இவன் ஏன் நிற்கிறான்? புதுத் துரை வந்து நாலு மாதம்தான் ஆகிறது. துரைக்கு என்ன பிடிக்கும் என்று இவனுக்கு முன்கூட்டியே ஏதோ தெரிந்திருக்கிறது. இவன் நின்று நல்ல பேர் வாங்கப்போகிறான். நான் உட்கார்ந்து மாட்டிக்கொள்ளப்போகிறேன். இந்த யோசனை முடிந்தபோது அவரும் நிமிர்ந்து நின்றுவிட்டார்.

நடு இரண்டு பேர் உட்காராமல் முதல் வரிசை உட்காராது. முதல் வரிசை உட்காராமல் இரண்டாவது உட்காராது. பெஞ்சுக்காரர்களுக்கு ஏற்கெனவே உட்கார்ந்த பழக்கம் குறைவு. மூன்று வாளித் தண்ணீர் பிடிக்கிற நேரத்துக்குள் முப்பத்தாறு பேரும் நின்றார்கள்.

துரை வந்தார். பார்த்தார். நெஞ்சு நெகிழ்ந்துபோனார். உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். யாரும் அசையவில்லை. இன்னும் நெகிழ்ந்தார். அந்த நெகிழ்ச்சியில், எழுதி வைத்திருந்த அரை மணிப் பேச்சு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. பெஞ்சு வரிசையில் எண்பது வயதுத் தலைவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் தனக்குப் பக்கத்தில் இருந்தவரின் தோளை. கடைசியில் துரை சொன்னதைப் பெரிய கிளார்க் தமிழில் சொன்னார்: "இப்படி ஒரு மரியாதையை நான் வேறெங்கும் கண்டதில்லை. தலைவர்களின் விருப்பம் எனக்குப் புரிகிறது. அதை மதித்து, இனி இந்தச் சபையில் நாற்காலியே போடப்படாது."

இதைச் சொல்லி முடித்ததும் பெரிய கிளார்க் காகிதத்தால் முகத்தை மூடிக்கொண்டாராம். அழுகையா சிரிப்பா என்று கடைசிவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. முப்பத்தாறு பேரும் கைதட்டினார்கள். வேறென்ன செய்வது?

மறு வாரமே நாற்காலிகள் பள்ளிக்கூடத்துக்குப் போயின. "மேட்டு வீட்டு நாற்காலியில எங்க கணக்கு வாத்தியார் உட்கார்ந்தாரு" என்றார் மகள். "அது வந்ததுலேருந்து ரொம்ப அடிக்க ஆரம்பிச்சுட்டாரு."

இப்போது தலைவர்களின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "துரையே, நாங்கள் மரியாதைக்காக நிற்கவில்லை, கோபத்தில் நின்றோம், நாற்காலியைத் திருப்பிக் கொடுங்கள்" என்று எவர் போய்ச் சொல்வது? சொன்னால் மெச்சின வாயாலேயே திட்டு விழும். ஆகவே கோபம் முழுதும், கோபப்பட்டால் திருப்பிக் கேட்க முடியாத ஒரே ஆள் மேல் இறங்கியது. மேட்டு வீட்டிலிருந்து ஒரு மனு, ஆற்று வீட்டிலிருந்து ஒரு மனு. இரண்டிலும் வாசகம் ஒன்றே. எழுதிக் கொடுத்தவர் ஒரே ஆள். நாற்காலி என்ற சொல்லே அவற்றில் கிடையாது. சபை நாளன்று சேவகன் தங்களுக்கு முறைப்படி சலாம் போடவில்லை என்பதுதான் புகார்.

பெரிய கிளார்க் கூப்பிட்டு விசாரித்தார்.

"சலாம் போட்டியா இல்லையா?"

"ஒரு கையில வாளி, ஒரு கையில துணிங்க ஐயா. மூணாவது கை இருந்தா போட்டிருப்பேன்."

"இதை அப்படியே எழுதினா திமிருன்னு இன்னொரு புகார் வரும். இன்னும் அஞ்சு மாசம் வாயை மூடிக்கிட்டு இருக்கமாட்டியா நீ?"

"நான் வாயைத் திறந்ததால எதுவும் நடக்கலைங்களே. கூரைதான் திறந்துச்சு."

துரை இரண்டு மனுவையும் படித்தார். அவருக்கு இது கடிதம் கொடுத்து ரசீது வாங்குகிற மாதிரியான வேலை. கீழே இரண்டு வரி எழுதினார்: சேவகர் இரு தலைவர்களின் வீட்டுக்கும் போய்ச் சலாம் போட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வரவும். வந்தவுடன் புகாரை முடிக்கவும்.

"முப்பது வருஷமாப் போட்டதுதானே. இன்னும் ரெண்டு போட்டா கை தேஞ்சா போயிடும்?" என்று சொல்லிவிட்டு நாற்காலி அன்றைக்கே கிளம்பினார். மேட்டு வீடு கிட்டே இருந்தது. முதலில் அங்கே போனார். ஆபத்து அங்கே ஆரம்பித்தது.

"எங்கேருந்து வர்றே?" என்றார் மேட்டு வீட்டுத் தலைவர்.

"ஆபீஸ்லேருந்துங்க ஐயா."

"நேராவா?"

"நேராத்தாங்க."

"வழியில ஆற்று வீட்டுப் பக்கம் ஒதுங்கலையே?"

"அது இந்தத் திசையே இல்லீங்களே."

தலைவருக்குத் திருப்தி. மனைவி, மகன்கள், மருமகள்கள் எல்லோரையும் கூடத்துக்கு அழைத்து வரிசையாக நிற்க வைத்தார். நாற்காலி சலாம் போட்டார். "மூத்த மாப்பிள்ளை குளிச்சிட்டிருக்காரு. அவரு வந்ததும் இன்னொரு தடவை போடு" என்றார் தலைவர். மாப்பிள்ளை நிதானமாகக் குளிக்கிற ஆள். அரை மணி கழித்து, தலை துவட்டிக்கொண்டு வந்தவருக்காக இன்னொரு சலாம். ஆபீஸ் காகிதத்தில் போட்டிருந்த இரண்டு கோட்டில் மேல் கோட்டில், 'ஒரு சலாம் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து விழுந்தது. இரண்டு போட்டேனே என்று கேட்க நாக்கு நுனிவரை வந்ததாம். ஐந்து மாதத்தை நினைத்து விழுங்கிக்கொண்டாராம்.

ஆற்று வீட்டுத் தலைவர் சலாமைப் பார்க்கவில்லை. காகிதத்தைப் பார்த்தார்.

"எனக்குக் கீழ்க் கோடா?"

"கோடு ரெண்டும் ஒண்ணுதாங்க ஐயா."

"அவன் வாங்கின மிச்சத்தை என் தலையில கட்டப் பார்க்கிறியா?"

"வேணும்னா ஐயாவுக்கு ரெண்டு போடறேன். மூணுகூடப் போடறேன்."

"எண்ணிக்கை இல்லடா, வரிசை! வரிசை!"

திரும்பி வந்தார். பெரிய கிளார்க் முணுமுணுத்துக்கொண்டே, ஆளுக்கு ஒன்றாகத் தனித்தனிக் காகிதம் போட்டுக் கொடுத்தார். மேல் கோடு கீழ்க் கோடு பிரச்சினை தீர்ந்தது. ஆற்று வீட்டில் இன்னொன்று தயாராக இருந்தது.

"அவனுக்கு முதல்ல போட்டது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. அதைத் திருப்பி வாங்கிட்டு வா. அப்புறம் எனக்குப் போடு. அதுக்கப்புறம் அவனுக்கு எத்தனை வேணும்னாலும் போட்டுக்க."

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே சிரித்திருப்பார்கள், அல்லது அழுதிருப்பார்கள். நாற்காலிக்கு மனைவியின் தம்பி வீட்டுப் பின்கட்டு கண்ணில் தெரிந்தது. நேரே மேட்டு வீட்டுக்குப் போய்த் தலைவர் முன்னால் நின்றார்.

"ஐயா தப்பா நினைக்கக்கூடாது. அன்னைக்குப் போட்ட சலாமைக் கொஞ்ச நாளைக்குத் திருப்பிக் கொடுத்தீங்கன்னா..."

தலைவர் ஒரு நிமிஷம் யோசித்தார். போட்ட சலாமைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று யோசித்து, அதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் எழுந்துவிட்டார்.

"நான் உனக்குச் சலாம் போடணும்கிறியா?"

மூன்றாவது புகார் மயிரிழையில் தப்பியது. மூத்த மாப்பிள்ளைதான் காப்பாற்றினார். அவருக்கு இந்த மாதிரி விஷயங்களில் சிரிப்பு வருமாம்.

அடுத்த நாலு மாதத்தில் ஆற்று வீட்டுக்கு இருபத்திரண்டு நடை. பெரிய கிளார்க் ஒவ்வொரு நடையையும் ஃபைலில் குறித்து வைத்திருக்கிறார். தலைவர் தூங்குகிறார். தலைவர் வெளியே. தலைவர் உள்ளே இருக்கிறார், ஆனால் வெளியே என்று சொல்லச் சொன்னார். ஒருநாள் மனைவி பொறுமை இழந்துவிட்டார்.

"வீட்டுக்குப் போனாத்தானே வாங்க மாட்டேங்கிறாரு? தெருவுல வர்றப்போ குறுக்கே போய்ப் போட்டுட்டு வந்துடுங்களேன். வந்து விழுந்ததை அவரு என்ன பண்ணுவாரு?"

அதையும் செய்து பார்த்தார். தையல்காரர் கடை வாசலில் காத்திருந்து, தலைவர் கிட்டே வந்ததும் கையை உயர்த்தினார். அவர் கை நெற்றிக்குப் போவதற்குள் தலைவர் குடையை முன்னால் சாய்த்து விரித்துவிட்டார். வெயில் கிடையாது. மழை கிடையாது.

"அண்ணே, நீங்க பார்த்தீங்கல்ல, போட்டேன்ல?" என்று தையல்காரரிடம் சாட்சி கேட்டார்.

"நீ போட்டதைப் பார்த்தேன். அது குடையிலதான் பட்டுச்சு. என்னை விட்ரு, அவரு கோட்டு என்கிட்ட தைக்கக் கிடக்கு."

சேவை முடிய ஒருநாள் இருந்தது. வீட்டில் மூட்டை கட்டியாகிவிட்டது. எந்த வீட்டுக்குப் போகிற மூட்டை என்று யாருக்கும் தெரியாது. பெரிய கிளார்க் அன்று ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டு பேனா நிப்பை இரண்டு முறை உடைத்தார் என்கிறார் மகள். சாப்பாடு கொண்டுபோன இவரே பார்த்தாராம். கடைசியில் அவர் எழுதிய குறிப்பை நான் பதிவறையில் படித்தேன். 'செலுத்தவேண்டிய இரண்டு சலாமில் ஒன்று செலுத்தப்பட்டது. ஒன்று நிலுவை. பெறவேண்டியவர் பெற மறுப்பதால் சேவகர் மீது குற்றமில்லை. நிலுவைக்கு உட்பட்டு, வருஷா வருஷம் உறுதி செய்துகொண்டு, ஓய்வூதியம் வழங்கலாம்.' துரைக்கு அன்று மாற்றல். பெட்டியைப் பூட்டிக்கொண்டே படிக்காமல் கையெழுத்துப் போட்டார். மூட்டை தகரக் கடைக்குப் பின்னால் போயிற்று.

ஆனால் 'வருஷா வருஷம்' என்ற இரண்டு வார்த்தை கூடவே போயிற்று. ஒவ்வொரு வருஷமும் ஆபீசிலிருந்து கடிதம் வரும்: நிலுவைச் சலாம் செலுத்தப்பட்டதா? நாற்காலி சட்டையை மாட்டிக்கொண்டு ஆற்று வீட்டுக்கு நடப்பார். கேட்பார். மாட்டேன் என்பார்கள். 'இன்னும் இல்லை' என்று பதில் எழுதுவார். இன்னொரு வருஷத்துக்குப் பணம் வரும். துரைமார் கப்பல் ஏறினார்கள். ஊர்த்தலைவர் பதவியையே எடுத்துவிட்டார்கள். தலைவர்களின் பிள்ளைகள் வேறு ஆபீஸ்களில், சக்கரம் வைத்த நாற்காலிகளில் உட்கார்ந்துவிட்டார்கள். கடிதம் மட்டும் நிற்கவில்லை. புது ஆட்சியில் எல்லாம் மாறியது. படிவத்தில் அந்தக் கட்டத்தை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. நாற்காலி பதினேழு வருஷம் போய் வந்தார்.

"கடைசி ரெண்டு வருஷம் நடக்க முடியலை. நான்தான் ரிக்‌ஷா வச்சுக் கூட்டிட்டுப் போனேன்" என்றார் மகள். "வர்றப்போ சொல்வாரு, 'இந்த வீட்டுக்காரனுங்க ஒருநாள் சரின்னு சொல்லித் தொலைச்சா என்ன'ன்னு. சொன்னதில்லை. அவரு போனப்புறம் அம்மாவுக்குப் பாதி ஓய்வூதியம் கொடுத்தாங்க. அதுக்கும் ஒரு கடிதம். 'காலஞ்சென்றவர் செலுத்தவேண்டிய சலாமை வாரிசு செலுத்துவாரா?' அம்மா எழுதச் சொன்னதை நான் எழுதலை. 'செலுத்துவார்'னு மட்டும் எழுதினேன்."

ஆற்று வீட்டுத் தலைவரின் பேரன் இப்போது வக்கீல். அவரைப் போய்ப் பார்த்தேன். கூரை ஒழுகிய கதையைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"மழையாலயா? இல்லீங்க, இருக்காது. கடிகாரம் இல்லாம ஒருத்தன் எதுக்கு நாற்காலியை நகர்த்தப் போறான்?"

"கடிகாரத்தை யாராவது பார்த்திருக்காங்களா?"

"பார்க்காட்டி என்ன? சதி பண்ணி எங்க நாற்காலியைப் பிடுங்கினாங்கன்னா அதுல ஒரு மதிப்பு இருக்கு. ஓட்டு ஒழுகி நாற்காலி போச்சுன்னா நாலு பேர்கிட்ட சொல்ல முடியுமா? எழுதிடாதீங்க அதை."

சலாம் விஷயத்தைக் கேட்டேன். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. "அது பாக்கிதான். தாத்தா வாங்காம வச்சதே அதுக்குத்தானே. வாங்கியிருந்தா ரெண்டாவது ஆள். வாங்காததால சர்க்காரே எங்களுக்குக் கடன்பட்டிருக்கு. மேட்டு வீட்டுக்கு இந்தப் பெருமை உண்டா?"

"அவங்க பொண்ணு இருக்காங்க. இப்ப கொடுத்தா வாங்கிக்குவீங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "மேட்டு வீட்ல யாராவது இருக்கிறப்போ, அவங்க எதிர்ல கொடுத்தா வாங்கிக்கலாம்."

மகளிடம் திரும்பி வந்து சொன்னேன். அவர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"வேணும்னா அவரை இங்க வந்து வாங்கிட்டுப் போகச் சொல்லுங்க. திங்களும் புதனும் எனக்குப் பல் டாக்டர். செவ்வாய்க்கிழமை வீட்லதான் இருப்பேன். காலையில வரட்டும், மத்தியானம் தூங்குவேன்."

வக்கீலிடம் சொன்னேன். "கொடுக்கவேண்டியவங்கதானே வரணும்? நாங்க போறதா?" என்றார்.

அந்தச் செவ்வாய் போய், அதற்கப்புறம் நாலைந்து செவ்வாயும் போய்விட்டது. ஆற்று வீட்டுக்கு ஒரு சலாம் இன்னும் பாக்கி.